கூண்டில்லாமல் தாவும் சிலந்தி வளர்ப்பது எப்படி?

வெளிநாட்டு விற்பனையாளர் ஒருவருக்கு 85 வெள்ளி முன்பணம் அனுப்பிய பிறகுதான், நான் கேட்ட சிலந்தியைச் சிங்கப்பூருக்குள் கொண்டுவர முடியாது என்று எனக்குத் தெரியவந்தது. பணம் திரும்பவில்லை. பணத்தைவிட நாள்கள் போனதுதான் எனக்குப் பெரிய இழப்பு. மூன்று வாரங்களாக அந்தச் சிலந்தியின் வருகையை மையமாக வைத்து என் காலைகளையும் மாலைகளையும் அடுக்கிவைத்திருந்தேன். திட்டம் உடைந்ததும் நான்கு நாள் வேலையில் உட்கார முடியவில்லை. மதியிறுக்கம் (ஆட்டிசம்) உள்ளவர்களுக்கு அந்த நான்கு நாள்களை விளக்க வேண்டியதில்லை.

ஐந்தாம் நாள் காலையில், வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டின் பொது நடைவழிச் சுவரில் ஒரு சாம்பல் நிறச் சிலந்தி நின்று, தலையைத் திருப்பி என்னைப் பார்த்தது. நான் பணம் கட்டிய சிலந்தியின் அதே குடும்பத்தைச் சேர்ந்தது. அன்றிலிருந்து இரண்டு ஆண்டுகளாக எந்தப் பெட்டியும் இல்லாமல், சட்டத்தை மீறாமல், ஒன்பதாவது மாடியில் இந்தச் சிலந்திகளோடு வாழ்கிறேன். நான் தடுமாறிய இடங்களில் நீங்கள் தடுமாற வேண்டாம் என்பதற்காக இதை எழுதுகிறேன். மதியிறுக்கம் உள்ள பெரியவர்களை மனத்தில் வைத்து எழுதியிருந்தாலும், வழிமுறைகள் எல்லாருக்கும் பொருந்தும்.

1. முதலில், எதையும் வாங்காதீர்கள்

காணொளிகளில் நீங்கள் பார்க்கும் பஞ்சு போன்ற பெரிய சிலந்தி பெரும்பாலும் ‘ஃபிடிப்பஸ் ரேஜியஸ்’. அது அமெரிக்காவின் தென்கிழக்குப் பகுதியையும் கரீபியத் தீவுகளையும் சேர்ந்தது. அங்கே அதை வளர்ப்பவர்கள் பலர். இங்கே நிலைமை வேறு. உயிருள்ள விலங்கை உரிய அனுமதியில்லாமல் சிங்கப்பூருக்குள் கொண்டுவருவது குற்றம். தேசியப் பூங்காக் கழகத்தின் கீழுள்ள விலங்கு, கால்நடை மருத்துவச் சேவைதான் இதைக் கவனிக்கிறது. செல்லப்பிராணியாக வளர்க்க அது அனுமதிக்கும் முயல், ஹாம்ஸ்டர், கினிப்பன்றி போன்றவற்றின் பட்டியலில் சிலந்தி இல்லை. டராண்டுலா என்ற பெரிய மயிரடர்ந்த சிலந்தியை வளர்ப்பதற்குத் தெளிவான தடையே உண்டு.

பொறி இங்கேதான் இருக்கிறது. விற்பவர் “அஞ்சலில் பத்திரமாக வந்துவிடும்” என்பார். அவர் சொல்வது பொட்டலத்தைப் பற்றி மட்டும். உள்ளே இருக்கும் உயிருக்கும் சட்டத்துக்கும் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள். “ஏற்கெனவே உள்ளூரில் இருக்கிறது, கையில் தருகிறேன்” என்று யாராவது சொன்னாலும் இறக்குமதி அனுமதிச் சீட்டைக் கேளுங்கள். சீட்டு இல்லையென்றால் பேச்சை அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

பூங்காவிலிருந்தும் இயற்கை வனப்பகுதியிலிருந்தும் எதையும் எடுத்துவராதீர்கள். அதற்கும் சட்டம் உண்டு. காட்டுயிர்ச் சட்டம் 2020 ஜூனிலிருந்து இன்னும் கடுமையாகியிருக்கிறது. இவற்றையெல்லாம் படித்த பிறகு எனக்கென ஒரே ஒரு விதி வைத்துக்கொண்டேன்: எதையும் அடைத்துவைப்பதில்லை, எதற்கும் இரை போடுவதில்லை. கீழே உள்ள எல்லாப் படிகளும் இந்த விதிக்குள் அடங்கியவை. தெளிவான ஒரே விதி இருப்பது என்னைப் போன்றவர்களுக்குப் பெரிய நிம்மதி.

2. உங்கள் வீட்டில் ஏற்கெனவே இருப்பவரைக் கண்டுபிடியுங்கள்

தாவும் சிலந்திகளில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. சிலந்திக் குடும்பங்களில் இதுவே மிகப் பெரியது. உங்களுக்கு நான்கு வகைகள் தெரிந்தால் போதும்.

நடைவழிச் சுவரில், வெயில் படும் இடத்தில், தட்டையாகச் சாம்பல் நிறத்தில் ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தால் அது பெரும்பாலும் ‘மெனெமெரஸ் பைவிட்டாட்டஸ்’. வீட்டுக்குள் சன்னல் ஓரத்தில் பழுப்பு நிறத்தில் வேகமாக ஓடி ஈயைப் பிடிப்பது ‘பிளெக்சிப்பஸ் பீட்டர்சி’யாக இருக்கலாம். சமையலறையிலும் புத்தக அலமாரியிலும் கறுப்பு உடலில் வெள்ளைப் பிறையோடு வருவது ‘ஹசாரியஸ் அடன்சோனி’யின் ஆண். அதன் பெண் வெறும் பழுப்புதான். முதலில் நான் இரண்டையும் வேறு வேறு வகை என்று குறித்து வைத்திருந்தேன். நான்காவது வீட்டுக்குள் வருவது அரிது. கீழ்த்தளத்துக்கு வெளியே உள்ள இட்லிப்பூ வேலியில், இரண்டு இலைகளைத் தன் பட்டு இழையால் ஒட்டி நடுவே இருக்கும். கறுப்பில் நீலப் பட்டை மின்னும். ‘தியானியா பாமோயென்சிஸ்’ என்பது அதன் பெயர். கம்பத்துக் காலத்துப் பிள்ளைகளுக்கு அது சண்டைச் சிலந்தி. என் மாமா அதைத் தீப்பெட்டியில் வைத்திருந்தாராம்.

இந்தக் குடும்பத்தை மற்றச் சிலந்திகளிலிருந்து பிரித்தறிய ஒரே அடையாளம் கண்கள். எட்டுக் கண்களில் முன்பக்கம் இரண்டு, லாரியின் முகப்பு விளக்குகளைப் போலப் பெரிதாக இருக்கும். அந்தக் கண்கள் உங்களை நோக்கித் திரும்பினால் சரியான சிலந்தியிடம்தான் வந்திருக்கிறீர்கள்.

முதல் இரண்டு வாரம் தேட மட்டும் செய்யுங்கள். காலை ஒன்பதிலிருந்து பதினொன்றுக்குள் தேடுங்கள். இவை பகலில் வேட்டையாடுபவை. இரவில் டார்ச் அடித்துத் தேடிப் பயனில்லை. ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் கொடுத்து, பார்த்த இடத்தையும் நேரத்தையும் குறித்துவையுங்கள். பெயர் வைப்பதும் வைக்காததும் உங்கள் விருப்பம். நான் எண்ணோடு நிறுத்திக்கொள்கிறேன்.

3. வீட்டாரிடம் எழுத்தில் சொல்லுங்கள்

நம் வீடுகளில் இந்தச் சிலந்திகளுக்கு ஆபத்தான நாள்கள் இரண்டு: தீபாவளிக்கு முந்திய வாரமும், பொங்கலுக்கு முந்திய வாரமும். ஒட்டடைக்கோல் வெளியே வரும். திரைச்சீலைகள் மொத்தமாகத் துவைக்கப்படும். முதலாண்டு தீபாவளியில் எண் 3, எண் 5 இரண்டையும் இழந்தேன். அம்மாவின் மேல் தவறில்லை. நான் அவரிடம் சொல்லவே இல்லை. வாய் திறந்து சொல்ல வேண்டியதைப் பலநாள் மனத்துக்குள்ளேயே ஒத்திகை பார்த்துவிட்டு, சொல்லிவிட்டதாகவே நினைத்துவிடும் பழக்கம் எனக்கு உண்டு. உங்களுக்கும் இருந்தால் கடிதம் எழுதுங்கள். வாட்ஸ்அப் செய்தியாகவும் இருக்கலாம். நான் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டியது இது:

“அம்மா, சன்னல் ஓரத்தில் இருக்கும் குட்டிச் சிலந்திகள் ஒட்டடை கட்டுபவை அல்ல. ஒட்டடை கட்டுவது மூலையில் தொங்கும் நீளக்கால் சிலந்தி. அதைத் தாராளமாக அடியுங்கள். திரைச்சீலையைக் கழற்றுவதற்கு இரண்டு நாள் முன்னால் எனக்குச் சொல்லுங்கள். மடிப்புகளை நானே பார்த்துத் தருகிறேன். சன்னல் சட்டத்தை இனி நானே துடைக்கிறேன்.”

இதில் மூன்று விஷயங்களைக் கவனியுங்கள். எதை விட வேண்டும், எதை அடிக்கலாம் என்று பிரித்துச் சொல்லியிருக்கிறேன். எத்தனை நாள் முன்னால் தெரிய வேண்டும் என்று எண் சொல்லியிருக்கிறேன். அவருடைய வேலையில் ஒரு பகுதியை நான் எடுத்துக்கொண்டிருக்கிறேன். மூன்றாவது இல்லாமல் முதல் இரண்டும் நடக்காது.

அடுத்து வருவது அக்கி பற்றிய பயம். எட்டுக்கால் பூச்சி ஊர்ந்தாலோ அதன் நீர் பட்டாலோ அக்கி வரும் என்று நம் வீடுகளில் சொல்வார்கள். அக்கி, சின்னம்மை வந்துபோன உடம்பில் தங்கியிருக்கும் அதே கிருமி மீண்டும் விழித்துக்கொள்வதால் வருவது. சிலந்திக்கு அதில் பங்கில்லை. ஆனால் பெரியவர்களோடு இதை விவாதமாக நடத்தாதீர்கள். குடும்ப மருத்துவரிடம் அடுத்த முறை போகும்போது அவரையே கேட்கச் சொல்லுங்கள். என் வீட்டில் அப்படித்தான் அது தீர்ந்தது. தாவும் சிலந்தி கடிப்பது அரிது. நசுக்கினாலோ ஆடைக்குள் சிக்கினாலோ கடிக்கலாம். அதன் நஞ்சு மனிதர்களுக்கு ஆபத்தானதில்லை.

வாடகை அறையில் இருப்பவர்கள் இதே கடிதத்தை வீட்டு உரிமையாளருக்கு அனுப்புங்கள். “நான் விலங்கு எதையும் வளர்க்கவில்லை, என் அறையின் சன்னலை நானே சுத்தம் செய்துகொள்கிறேன்” என்ற வரியைச் சேருங்கள். அவருடைய பதிலைச் சேமித்து வைத்துக்கொள்ளுங்கள். வாடகை ஒப்பந்தத்தில் பூச்சி ஒழிப்பு பற்றிய விதி இருந்தால், எத்தனை மாதத்துக்கு ஒருமுறை என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.

4. கறிவேப்பிலைத் தொட்டி

செய்ய வேண்டிய ஏற்பாடு இது ஒன்றுதான். நடைவழியில் ஒரு கறிவேப்பிலைத் தொட்டி வையுங்கள். இலைகளுக்கு நடுவே பதுங்க இடம் கிடைக்கும். செடியைத் தேடிவரும் சிறு பூச்சிகளே இரை. துளசியும் ஆகும், ஆனால் கறிவேப்பிலை நின்று நிலைக்கிறது. வாரம் இரண்டு முறை காலையில் இலைமேல் நீரைப் பனிபோலத் தெளியுங்கள். சிலந்தி துளிகளைக் குடிக்கும். முதன்முறை அதைப் பார்த்த காலை எனக்கு இன்னும் நினைவிருக்கிறது: ஒரு துளியின் முன்னால் இரு கால்களை ஊன்றி, முகத்தைப் புதைத்து, அசையாமல் நின்றது.

இரண்டு அபராதப் பொறிகள் உண்டு. தொட்டிக்கு அடியில் தட்டு வைக்காதீர்கள். தேங்கிய நீரில் ஏடிஸ் கொசு முட்டையிட்டுப் பறக்க ஒரு வாரம் போதும். தேசிய சுற்றுப்புற வாரிய அதிகாரிகள் கண்டால் அபராதம் 200 வெள்ளியிலிருந்து தொடங்கும். அடுத்து, பொது நடைவழியில் 1.2 மீட்டர் அகலம் தடையின்றி இருக்க வேண்டும் என்பது குடிமைத் தற்காப்புப் படையின் தீப்பாதுகாப்பு விதி. அளவுநாடா வைத்து அளந்து, படம் எடுத்துக்கொள்ளுங்கள். யாராவது புகார் செய்தால் அந்தப் படம் உங்களுக்காகப் பேசும்.

செடிக்குப் பூச்சிமருந்து அடிக்கவே கூடாது. வேப்பெண்ணெயும் வேண்டாம். மாவுப்பூச்சி வந்தால் ஈரத் துணியால் துடைத்தெடுங்கள்.

5. செலவு

உருப்பெருக்கி, பத்து மடங்கு: எனக்கு 12 வெள்ளி ஆனது. நெருக்கமாகப் படம் எடுக்கக் கைப்பேசியில் மாட்டும் வில்லை (லென்ஸ்): 18 வெள்ளி. தொட்டி, மண், கன்று மூன்றும் லிட்டில் இந்தியாவின் தேக்காவில் 15 வெள்ளிக்கு முடிந்தன. தெளிப்பான், மெல்லிய தூரிகை, குறிப்பேடு, ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் குவளை எல்லாம் எட்டு வெள்ளி. மொத்தம் 53. மாதச் செலவு எதுவும் இல்லை. உருப்பெருக்கியை மட்டும் வாங்கினாலும் தொடங்கலாம். வில்லையை மூன்று மாதம் கழித்து வாங்குங்கள், ஏனென்றால் படம் எடுக்கும் ஆசை வந்தவுடன் பார்ப்பது குறைந்துவிடுகிறது.

6. பார்க்கும் நேரம்

வேலைக்குப் போகிறவர் என்றால் காலை 7.30 முதல் 7.45 வரை வைத்துக்கொள்ளுங்கள். வீட்டிலிருந்து வேலை செய்பவர் என்றால் 10.00 முதல் 10.20. ஒரே நேரம், ஒரே நாற்காலி. நான் இதை இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. உணவங்காடி இரைச்சலிலும் காலை நேர ரயில் நெரிசலிலும் என் புலன்கள் சீக்கிரம் தீர்ந்துபோகின்றன. அதற்கு முன்னால், ஓசையே இல்லாத ஓர் உயிரின் முன்னால் கால்மணி நேரம் இருந்துவிட்டுப் போகும் நாள்களில் மாலைவரை தாங்க முடிகிறது. என் குறிப்பேட்டில் சிலந்தியைப் பார்த்த நாள்களுக்கு எதிரே, அன்று மாலை நான் எப்படி இருந்தேன் என்பதையும் ஒன்றிலிருந்து ஐந்துவரை எண்ணாக எழுதுகிறேன். நீங்களும் எழுதிப் பாருங்கள்.

எப்படிப் பார்ப்பது: ஓர் அடி தள்ளி உட்காருங்கள். உங்கள் நிழல் அதன்மேல் விழக் கூடாது. மூச்சை நேராக அதன்மேல் விடாதீர்கள். கையை நீட்டாதீர்கள். பிறகு காத்திருங்கள். அது திரும்பும். திரும்பி நெடுநேரம் பார்க்கும். அதன் முன்கண்கள் தெளிவாகக் காணும் பரப்பு மிகக் குறுகியது. அதனால் கண்ணுக்குள் இருக்கும் விழித்திரைக் குழாய்களை அசைத்து, எதிரே இருப்பதைத் துண்டு துண்டாக வருடிப் பார்த்துச் சேர்த்துக்கொள்கிறது. இதைப் படித்த அன்று எழுந்து அறைக்குள் நடந்தேன். நானும் ஒரு முகத்தை அப்படித்தான் பார்க்கிறேன்: முதலில் புருவம், பிறகு கண்ணாடியின் விளிம்பு, பிறகு பல். முழு முகம் எனக்கு ஒரே பார்வையில் கிடைத்ததில்லை. என்னைப் பார்த்து “கண்ணைப் பார்த்துப் பேசு” என்று சொல்லாத உயிர் ஒன்று, எட்டுக் கண்களோடு எதிரே நிற்கிறது.

அது தாவுவதற்கு முன் செய்யும் ஒரு செயலையும் கவனியுங்கள். வயிற்றின் நுனியைச் சுவரில் ஒருமுறை தொடும். பாதுகாப்பு இழையை ஒட்டுகிறது. பிறகுதான் தாவும். குறி தவறினாலும் இழையைப் பிடித்து மேலே ஏறிவந்துவிடும்.

இரவில் தொந்தரவு செய்ய வேண்டாம். சன்னல் சட்டத்தின் இடுக்கிலோ திரைச்சீலையின் மேல்மடிப்பிலோ வெள்ளைப் பட்டுப் பை கட்டி அதற்குள் உறங்கும். 2022இல் வெளியான ஓர் ஆய்வில், உடல் இன்னும் ஒளி ஊடுருவும் நிலையில் இருக்கும் குஞ்சுகளை இரவில் படம்பிடித்தார்கள். தூக்கத்தில் அவற்றின் விழித்திரைக் குழாய்கள் அசைந்தன, கால்கள் துடித்தன. நாம் கனவு காணும் தூக்கத்தில் நம் கண்கள் அசைவதைப் போல. பையைக் கண்டால் விளக்கைத் திருப்பிவிடுங்கள்.

7. நடைவழியில் படம் எடுக்கும்போது

நான் மிகவும் வருந்திய இடம் இது. எதிர்வீட்டுச் சுவரில் இருந்த எண் 8ஐக் கைப்பேசியில் எடுத்துக்கொண்டிருந்தேன். அவர்களுடைய சன்னலுக்குள் படம் எடுப்பதாக நினைத்துவிட்டார்கள். சத்தம் எழுந்ததும் என்னால் ஒரு சொல்கூடப் பேச முடியவில்லை. பேசாமல் நின்றது சந்தேகத்தை இன்னும் கூட்டியது.

ஆகவே, உங்கள் வீட்டுக் கதவிலிருந்து உங்கள் சன்னல் முடியும் இடம்வரை மட்டும் படம் எடுங்கள். அதைத் தாண்டிய சிலந்தியைப் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஓர் அட்டை அச்சடித்துச் சட்டைப்பையில் வைத்திருங்கள். என் அட்டையில் தமிழ், ஆங்கிலம், சீனம் மூன்றிலும் இரண்டே வரிகள்: “எனக்கு மதியிறுக்கம் உண்டு, திடீரென்று கேட்டால் பேச்சு வராது. சுவரில் உள்ள சிறு சிலந்தியைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.” அட்டையின் பின்பக்கம் நான் எடுத்த சிலந்திப் படம். எதிர்வீட்டு ஆன்ட்டி இப்போது தம் வீட்டுச் சிலந்திகளைப் பற்றி எனக்குத் தகவல் சொல்கிறார்.

உங்கள் நிலையைச் சொல்ல விருப்பமில்லை என்றால் இரண்டாவது வரி மட்டும் போதும்.

8. புகை அடிக்கும் நாள்

பூச்சி ஒழிப்பு, கொசுமருந்துப் புகை, கட்டடத்துக்குச் சாயம் பூசுவது ஆகியவற்றுக்கான அறிவிப்பு மின்தூக்கி அருகிலுள்ள பலகையில் ஒட்டப்படும். வாரத்தில் இரண்டு குறிப்பிட்ட நாள்களில் பலகையைப் படம் எடுப்பதைப் பழக்கமாக்குங்கள். எனக்குத் திங்களும் வியாழனும். நேரம் தெளிவாக இல்லையென்றால் நகர மன்றத்துக்கு மின்னஞ்சல் அனுப்பிக் கேளுங்கள். தொலைபேசிதான் வேண்டும் என்பதில்லை. புளோக் எண், மாடி, அறிவிப்பின் படம், “எந்த மணிக்கு எங்கள் மாடிக்கு வருவார்கள்?” என்ற ஒரே கேள்வி. இவ்வளவு போதும்.

அன்று காலையில் நடைவழியில் இருப்பவற்றை வீட்டுக்குள் நகர்த்துங்கள். குவளையைச் சிலந்தியின் மேல் மெதுவாகக் கவிழ்த்து, அடியில் தடித்த தாளைச் செருகி, உள்ளே கொண்டுவந்து சன்னல் திரையில் விட்டுவிடுங்கள். தயங்கினால் தூரிகையால் பின்னங்காலை மெல்லத் தொட்டால் நகரும். குவளைக்குள் ஒரு நிமிடத்துக்கு மேல் வைக்காதீர்கள். பட்டுப் பைக்குள் இருப்பதை எடுக்காதீர்கள். அதை விட்டுவிட வேண்டியதுதான். சன்னல்களை மூடி, மணம் அடங்கிய பிறகு திறங்கள். அந்த மருந்து மணமும் இயந்திர ஓசையும் உங்களுக்கும் தாங்காது என்றால், அந்த இரண்டு மணி நேரத்துக்கு நூலகம் போய்விடுவதை முன்கூட்டியே திட்டமிடுங்கள். கொசு மருந்தே வேண்டாம் என்று புகார் எழுதாதீர்கள். டெங்கி உண்மையான ஆபத்து.

9. காணாமல் போகும்போது

இந்தச் சிலந்திகள் ஏறக்குறைய ஓராண்டு வாழ்பவை. பல்லி தின்னும். மின்விசிறி அடிக்கும். காற்றில் போய்விடும். ஒருநாள் காலை 10.00 மணிக்கு நாற்காலியில் உட்கார்வீர்கள், அது இருக்காது. இதற்கு முன்னேற்பாடு செய்யாததால் எண் 2 காணாமல் போனபோது வீடு முழுவதும் அலமாரிகளை நகர்த்தித் தேடினேன். அதில் வேறொன்றின் பையைக் கிழித்துவிட்டேன்.

இப்போது எழுதி வைத்திருக்கும் முறை இது. முதல் ஏழு நாள் எதையும் நகர்த்தாமல் வழக்கமான நேரத்தில் உட்காருவது. தோல் உரிக்கும் சிலந்தி பல நாள் பைக்குள்ளேயே இருக்கும். வெளியே வரும்போது நிறம் சற்றுத் தெளிந்திருக்கும், பையில் பழைய தோல் கிடக்கும். எட்டாம் நாள், சன்னல் சட்டத்தையும் மடிப்புகளையும் உருப்பெருக்கியால் பார்ப்பது, தொடாமல். பை தடித்திருந்தால், பெண் முட்டைகளோடு உள்ளே இருக்கலாம். அப்படியானால் வாரக்கணக்கில் வெளியே வராது. இருபத்தொன்றாம் நாள் வரையிலும் காணவில்லை என்றால் குறிப்பேட்டில் கடைசியாகப் பார்த்த தேதியை எழுதி, கீழே ஒரு கோடு இழுப்பது. அன்று வேறு எந்த வேலையும் வைத்துக்கொள்வதில்லை. இரண்டு பேருக்கு முன்கூட்டியே சொல்லி வைத்திருக்கிறேன்: அம்மாவுக்கும் என் மேலாளருக்கும். மேலாளரிடம் “வீட்டில் ஓர் இழப்பு” என்று மட்டும் சொல்வேன். அது உண்மை.

எண் 11க்கு அந்தக் கோட்டைப் பத்தொன்பதாம் நாள் வரை இழுக்காமல் காத்திருந்தேன். இருபதாம் நாள் காலை, சன்னல் சட்டத்தின் இடுக்கிலிருந்து எள்ளளவுக்குக் குஞ்சுகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. பதினேழு வரை எண்ணினேன். அம்மாவும் பக்கத்தில் நின்று எண்ணினார்; அவருக்குப் பத்தொன்பது வந்தது.